தண்ணீர் ஏறட்டும், பறவைகள் வரும்
வாசகர் கேள்வி – பதில்

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வட்டார நடைக்குழு சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்துக்குப் பறவை பார்க்கப் போனது. சென்ற இதழில் அதைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தேன். 'குளிர்காலப் பறவை நடை' என்று தலைப்பு வைத்தார்கள். அதற்கு வந்த கடிதங்களை மட்டும் இந்த முறை எடுத்துக்கொள்கிறேன். பிள்ளைகள் படிப்பு பற்றிக் கேட்டவர்களுக்கு அடுத்த இதழில் பதில்.

சிங்கப்பூரில் ஏது டீச்சர் குளிர்காலம்? டிசம்பர், ஜனவரியில் மழைதானே பெய்கிறது?
– வாசகி, ஈசூன்

குளிர் இங்கே இல்லை அம்மா, அந்தப் பறவைகள் கிளம்பி வந்த இடத்தில் இருக்கிறது. சைபீரியாவிலும் வட சீனாவிலும் தரை உறைந்துபோனால், மண்ணுக்குள் அலகை விட்டுப் புழு எடுக்கும் பறவைக்கு அங்கே சாப்பாடு கிடையாது. அதனால் தெற்கே வருகின்றன. ஆகஸ்ட் மாதமே முதல் கூட்டம் இறங்க ஆரம்பித்துவிடும். செப்டம்பரிலிருந்து மார்ச் வரை நன்றாகப் பார்க்கலாம். ஏப்ரலில் பெரும்பாலானவை கிளம்பிவிடும்.

அலாஸ்கா, ரஷ்யாவின் தூரக் கிழக்கு ஆகிய இடங்களில் தொடங்கி ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வரை 20க்கும் மேற்பட்ட நாடுகள் வழியாக ஒரு பறவைப் பாதை போகிறது. 5 கோடிக்கும் அதிகமான நீர்ப்பறவைகள் அதைப் பயன்படுத்துகின்றன. நம் தீவு அந்தப் பாதையில் இருக்கிறது. சில பறவைகள் இங்கே சில நாள் இளைப்பாறிவிட்டு இன்னும் தெற்கே போகும். சில, பருவம் முழுக்க இங்கேயே தங்கும்.

பறவை பார்க்க விடியற்காலையில் போகவேண்டும் என்பார்கள். உங்கள் குழு ஏன் காலை 9.30க்குக் கிளம்பியது? வெயில் ஏறிவிடாதா?
– வாசகர், தெம்பனிஸ்

காட்டுப் பறவைக்கு விடியற்காலை சரி. சேற்றுப் பறவை கடிகாரம் பார்ப்பதில்லை, கடலைப் பார்க்கிறது. பலர் ஏமாந்து திரும்புவது இந்த இடத்தில்தான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கடல் வற்றியிருக்கும்போது ஜொகூர் நீரிணை ஓரமாக மண்டாய், கிராஞ்சிப் பக்கம் பெரிய சேற்றுப் பரப்பு வெளியே தெரியும். பறவைகள் அங்கே பரவிக்கிடந்து மேயும். கரையிலிருந்து பார்த்தால் வெறும் புள்ளிகள்தான். தண்ணீர் ஏற ஏறச் சேறு சுருங்கும். கடைசித் துண்டும் மூழ்கும்போது அவை கூட்டமாக எழுந்து, கால் நனையாமல் நிற்க ஓர் இடம் தேடி வரும். சுங்கை பூலோவின் உட்குளங்கள் அதற்கென்றே வைக்கப்பட்டிருக்கின்றன. பழைய இறால் குளங்கள் அவை. மதகுகளைத் திறந்து மூடித் தண்ணீர் அளவைக் கட்டுப்படுத்துகிறார்கள். வெளியே கடல் நிறைந்திருக்கும் நேரத்தில் உள்ளே சேற்றுத் திட்டுகள் தெரியும்படி பார்த்துக்கொள்கிறார்கள். குளக்கரையில் பலகைத் தடுப்புப் போட்ட குடில்கள் இருக்கின்றன. அதன் இடுக்கு வழியாகப் பார்த்தால் நூற்றுக்கணக்கில் பறவைகள் பக்கத்திலேயே நிற்கும்.

அன்று கடல் முழுதாக ஏறும் நேரம் முற்பகலில் இருந்தது. அதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே போய்விட்டால் அவை வந்து இறங்குவதையும் பார்க்கலாம் என்று கணக்குப் போட்டோம். நம் கடலில் பொதுவாக ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். மறுநாள் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப் போகும். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி ஏற்றம் அதிகம். அன்றாட நேரங்களை வானிலை ஆய்வகம் வெளியிடுகிறது. அதைப் பார்க்காமல் நாள் குறிக்காதீர்கள். வெயிலுக்குத் தொப்பி இருக்கிறது, குடிலுக்குள் நிழலும் இருக்கிறது.

நானும் அன்று வந்திருந்தேன். நீங்கள் பெயர் பெயராகச் சொன்னீர்கள். எனக்கு எல்லாமே பழுப்புப் பறவையாகத் தெரிந்தது. எப்படிப் பிரித்துப் பார்ப்பது டீச்சர்?
– உயர்நிலை 1 மாணவன், ஜூரோங் வெஸ்ட்

நிறத்தை விட்டுவிடு தம்பி. இந்தப் பருவத்தில் எல்லாம் சேற்று நிறத்தில்தான் இருக்கும். முதலில் காலைப் பார், அப்புறம் அலகு, அப்புறம் நடை.

கால் செம்மஞ்சளாகப் பளிச்சென்று இருந்தால் பவளக்காலி. சுங்கை பூலோவில் நீ அதிகமாகப் பார்க்கப்போவது இதைத்தான். நேரான அலகு, அடியில் சிவப்பு, நுனியில் கறுப்பு. பறந்தால் இறக்கையின் பின் ஓரத்தில் அகலமாக வெள்ளைப் பட்டை தெரியும். முதலில் ஆபத்தைக் கண்டு கத்துவதும் பெரும்பாலும் இதுதான். பச்சைக்காலி இதைவிட உயரம். கால் மங்கிய பச்சை, அலகு இலேசாக மேல்நோக்கி வளைந்திருக்கும். சிறு மீனைத் துரத்திக்கொண்டு தண்ணீருக்குள் ஓடும்.

அலகு குட்டையாக, கண் பெரிதாக, முதுகில் மஞ்சள் பொட்டு தெளித்தமாதிரி இருந்தால் பொன்னிற உப்புக்கொத்தி. அது நாலு அடி ஓடும், சட்டென்று நிற்கும், குனிந்து ஒரு கொத்து, மறுபடி ஓட்டம். அந்த நடையை ஒருமுறை பார்த்துவிட்டால் தூரத்திலிருந்தே சொல்லிவிடுவாய். தனியாகக் கரையோரத்தில் பின்பக்கத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே நடப்பது உள்ளான். தோளருகே வெள்ளை ஏறியிருக்கும்.

கோட்டானை நீ மறந்திருக்க மாட்டாய். ஆந்தையைச் சொல்லவில்லை, அதே பெயருள்ள கரைப்பறவை. குடிலுக்கு எதிரே ஒன்று நண்டு பிடித்ததே, அதுதான். நீண்டு கீழ்நோக்கி வளைந்த அலகு, தலையில் கோடு. அந்த அலகை வளைக்குள் கிட்டத்தட்ட முழுதாக விட்டு, ஒரு திருப்புத் திருப்பி நண்டை வெளியே இழுத்தது. பிறகு ஒரு காலைக் கவ்வி உதறியது. நண்டின் உடல் பிய்ந்து சேற்றில் விழுந்தது. எடுத்து அடுத்த காலைக் கவ்வி உதறியது. கொடுக்கும் போயிற்று. கடைசியில் கால் இல்லாத உடல் மட்டும் மிஞ்சியதும் தலையைத் தூக்கி ஒரே விழுங்கு. தொண்டை புடைத்து இறங்கியதுகூடத் தெரிந்தது. உதிர்ந்து கிடந்த கால்களைப் பிறகு பொறுக்கித் தின்றது.

இத்தனை வகைப் பறவை ஒரே சேற்றில் சண்டையில்லாமல் எப்படி மேய்கிறது என்று கேட்டாயானால், அலகுதான் காரணம். குட்டை அலகு மேல்மண்ணில் கொத்தும், நீண்ட அலகு ஆழத்தில் துழாவும். உப்புக்கொத்தி கண்ணால் வேட்டையாடும். அதனால்தான் அவ்வளவு பெரிய கண். உள்ளான் குடும்பத்தில் பலவற்றுக்கு அலகு நுனியில் நரம்பு நுனிகள் நிறைய. கண்ணுக்குத் தெரியாத புழுவைத் தொட்டே கண்டுபிடித்துவிடும்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் படிக்க முயலாதே. அடுத்த முறை பவளக்காலியை மட்டும் பார். அது மனத்தில் பதிந்துவிட்டால் மற்றவை அதைவிடப் பெரிதா, சிறிதா என்று தானாகப் பிரியும்.

நான் வேறொரு குழுவுடன் பூங்காவில் நடந்தபோது, ஒருவர் கைப்பேசியில் பறவைக் குரலைப் போட்டு, பறவையை வரவழைத்தார். பறவை அருகில் வந்தது, எல்லாரும் படம் எடுத்தார்கள். அதில் என்ன தவறு?
– வாசகி, செங்காங்

தவறுதான் அம்மா. இந்த ஒரு விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. எங்கள் குழுவில் கைப்பேசிக் குரலுக்கு இடமில்லை.

குரல் கேட்டதும் பறவை ஏன் வருகிறது? தன் இடத்துக்குள் இன்னொரு பறவை புகுந்துவிட்டது என்று நினைத்து, மேய்ச்சலை விட்டுவிட்டு விரட்ட வருகிறது. அங்கே யாரும் இல்லை. மறுபடி குரல், மறுபடி தேடல். கூட்டில் குஞ்சு இருந்தால் அதைத் தனியே விட்டுவிட்டு வருகிறது. நாம் அதை அழகாகப் படம் எடுத்துக்கொள்கிறோம்.

வலசை வந்த பறவை என்றால் இன்னும் மோசம். கைகள் வீசி அதை ஒருமுறை பறக்கவைப்பது நமக்குச் சின்ன விஷயம். அது இங்கே விடுமுறைக்கு வரவில்லை. மார்ச், ஏப்ரலில் திரும்பிப் போகக் கொழுப்புச் சேர்க்கிறது. சுங்கை பூலோவில் தேசியப் பூங்காக் கழகம் போகும் வழியைக் காட்டும் கருவி பொருத்தி அனுப்பிய பவளக்காலிகளில் சில இமயமலையைத் தாண்டித் திபெத் பீடபூமிக்குப் போய்ச் சேர்ந்திருக்கின்றன. கையில் எடுத்தால் ஒரு மாம்பழ எடைகூடத் தேறாத உயிர் அது. பட்டைவால் மூக்கன் என்று ஒரு கரைப்பறவை 2022ல் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டரை 11 நாளில் எங்கும் இறங்காமல் பறந்தது பதிவாகியிருக்கிறது. அந்த இனம் கிளம்பும் முன் உடல் எடை இரட்டிப்பாகும் அளவுக்குத் தின்னும். பிறகு சுமை குறைய, இரைப்பையும் குடலும் சுருங்கும். இப்படிக் கணக்குப் பார்த்துச் சேர்க்கும் உடம்பில் நாம் வீணடிக்கும் ஒவ்வொரு பறத்தலும் கழிவுதான்.

அதனால் எங்கள் குழுவில் ஒரே அளவுகோல்: பறவை தலையைத் தூக்கி நம்மைப் பார்த்து, மேய்வதை நிறுத்தினால், நாம் போதுமான அளவுக்கு மேல் நெருங்கிவிட்டோம். ஓரடி பின்னால் வருகிறோம். அது மறுபடி குனிந்து மேயும்போது நம் இடம் சரி. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். புழு வைத்துப் பறவையைக் கிளைக்கு வரவழைத்துப் படம் எடுப்பவர்களும் உண்டு. காட்டுயிர்களுக்குத் தீனி போடுவது வனவிலங்குச் சட்டப்படி இங்கே குற்றம். முதல் முறைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம், மறுபடி செய்தால் 10,000 வெள்ளி வரை.

உங்கள் குழுவில் அவர் அடுத்த முறை கைப்பேசியை எடுத்தால் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். பலருக்குத் தெரியாமல்தான் செய்கிறார்கள். சொன்னால் கேட்டுக்கொள்வார்கள்.

சுங்கை பூலோவில் முதலை இருக்கிறதாமே? பிள்ளைகளை அழைத்து வரலாமா?
– வாசகி, புக்கிட் பாத்தோக்

இருக்கிறது. உவர்நீர் முதலை. பாதையை விட்டு இறங்கக்கூடாது, தண்ணீர் ஓரத்தில் நிற்கக்கூடாது. இரண்டையும் பிள்ளைகள் கேட்பார்கள் என்றால் தாராளமாக அழைத்து வாருங்கள். நுழைவு இலவசம், காலை 7 முதல் மாலை 7 வரை திறந்திருக்கும். தின்பண்டத்தைப் பிளாஸ்டிக் பையில் கையில் பிடித்துக்கொண்டு வராதீர்கள், குரங்குகள் பறித்துவிடும்.

ஐயா ஒருவர் சொன்னார், 20 மடங்கு பெரிதாகக் காட்டும் பைனாகுலர் வாங்கு என்று. வாங்கலாமா?
– வாசகர், சுவா சூ காங்

வேண்டாம். மடங்கு கூடக் கூடக் கை நடுக்கமும் பெரிதாகும், பார்வைப் பரப்பு குறுகும். பறவையைக் கண்டுபிடிப்பதற்குள் அது போய்விடும். 8 × 42 என்று போட்டதை வாங்குங்கள். 8 என்பது மடங்கு, 42 என்பது முன்கண்ணாடியின் அகலம் மில்லிமீட்டரில். அகலம் கூடினால் வெளிச்சம் கூடும். கனமாகத் தெரிந்தால் 8 × 32. அம்மா, மனைவி என்று வீட்டில் எல்லாரும் பார்ப்பதாக இருந்தால் இது வசதி.

வாங்கிய பிறகு பலரும் செய்யாமல் விடுவது ஒன்று. வலது கண் பக்கம் ஒரு வளையம் இருக்கும். முதலில் வலது முன்கண்ணாடியை மூடிவிட்டு, நடுச் சக்கரத்தைத் திருப்பி இடது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். அப்புறம் இடதை மூடி, சக்கரத்தைத் தொடாமல் அந்த வளையத்தை மட்டும் திருப்பி வலது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். இனி நடுச் சக்கரம் ஒன்றே போதும். மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் கண் வைக்கும் ரப்பரை உள்ளே இறக்கிவிடவேண்டும். பறவையைக் கண்டால் அதன்மேலிருந்து கண்ணை எடுக்காமல் பைனாகுலரை முகத்துக்குத் தூக்குங்கள். குனிந்து பைனாகுலரைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் பறவை எங்கே என்று மறுபடி தேடவேண்டும்.

டீச்சர், வணக்கம். கிராஞ்சிப் பக்கம் தங்கும் விடுதியில் இருக்கிறேன். ஊர் வேதாரண்யம் பக்கம். சின்ன வயதில் உப்பளத்தில் கூட்டம் கூட்டமாக உள்ளான் பார்த்திருக்கிறோம். உங்கள் படத்தில் இருந்தது அதே பறவை மாதிரி இருந்தது. ஞாயிறு மட்டும்தான் லீவு. பைனாகுலர் கிடையாது. நாங்கள் வரலாமா?
– கட்டுமான ஊழியர், கிராஞ்சி

வாங்க தம்பி, கட்டாயம் வாங்க. கூட்டாளிகளையும் அழைத்து வாங்க. உங்கள் விடுதிக்கும் காப்பகத்துக்கும் தூரம் அதிகமில்லை. எங்கள் நடையே ஞாயிற்றுக்கிழமைதான். பைனாகுலர் குழுவில் கைமாறிக்கொண்டே இருக்கும், முக்காலியில் ஒரு தொலைநோக்கியும் நிற்கும். வரிசையாகப் பார்க்கலாம்.

நீங்கள் நினைத்தது சரி. பவளக்காலி, பச்சைக்காலி, உள்ளான் எல்லாம் உங்கள் ஊருக்கும் வருபவை. உங்கள் ஊர்ப் பக்கத்துக் கோடியக்கரை 1967லேயே சரணாலயம் ஆனது, 2002ல் உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் அங்கே பல காலமாகப் பறவைகளுக்கு வளையம் மாட்டி அனுப்புகிறார்கள். அங்கே வருபவற்றில் பெரும்பாலானவை மத்திய ஆசியப் பாதை வழியாக வருகின்றன, இங்கே வருபவை நான் முதலில் சொன்ன கிழக்குப் பாதை. இனம் ஒன்று, வழி வேறு. நான் முன்பு சொன்ன இமயமலையைத் தாண்டும் பவளக்காலிகள் இந்த இரண்டு வழிகளையும் தொட்டுச் செல்கின்றன.

உங்களைப் போன்றவர்கள் எங்களுக்கு வேண்டும் என்று மனதாரச் சொல்கிறேன். அடுக்குமாடியில் வளர்ந்த எங்கள் பிள்ளைகள் பறவையைப் படத்தில் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார்கள். உப்பளத்தில் எந்த நேரம் தண்ணீர் நின்றால் எந்தப் பறவை வரும், கூட்டம் எந்தப் பக்கம் முகம் வைத்து நிற்கும் என்று பார்த்தே வளர்ந்தவர் நீங்கள். வந்து அவர்களுக்குச் சொல்லுங்கள். ஊரில் தம்பி தங்கைகள் இருந்தால் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பைப் பற்றியும் சொல்லுங்கள். 2015லிருந்து தமிழ்நாட்டில் பொங்கல் விடுமுறையில் நடக்கிறது. வீட்டு வாசலில் நின்று காகம், மைனாவை எண்ணி அனுப்பினாலும் எடுத்துக்கொள்கிறார்கள்.

நவம்பரில் எங்கள் புளோக்கின் 14ஆம் மாடித் தாழ்வாரத்தில் பச்சை முதுகும் நீல இறக்கையுமாக, வால் குட்டையாக ஒரு பறவை அசையாமல் கிடந்தது. கண்ணருகே கறுப்புப் பட்டை. வயிற்றடியில் சிவப்பு. என்ன செய்வதென்று தெரியாமல் தண்ணீர் ஊற்றினோம். பிழைக்கவில்லை. அது என்ன பறவை?
– வாசகர், பொங்கோல்

நீலச்சிறகு ஆறுமணிக்குருவி. தமிழ்நாட்டில் ஆறுமணிக்குருவி என்று சொல்வார்களே, அதன் நெருங்கிய உறவு. தாய்லாந்து, இந்தோசீனப் பக்கமிருந்து இரவில் பறந்து வரும். காட்டுக்குள் தரையில் இலையைக் கிளறி மேய்கிற பறவை 14ஆம் மாடியில் கிடந்ததற்குக் காரணம், நம் வெளிச்சமும் கண்ணாடியும். இரவு விளக்கு அதை இழுக்கிறது. கண்ணாடியில் வானமோ மரமோ தெரிந்தால் வழி என்று நினைத்து முழு வேகத்தில் மோதுகிறது. அக்டோபர், நவம்பரில் இது அதிகம் நடக்கும்.

நீங்கள் நல்ல மனதோடுதான் செய்தீர்கள். அடுத்த முறைக்குச் சொல்கிறேன்: அடிபட்ட பறவையின் வாயில் தண்ணீரோ உணவோ விடக்கூடாது, மூச்சுக்குழலில் போய்விடும். ஓர் அட்டைப்பெட்டியில் காற்றுத் துளை போட்டு, அடியில் துணி விரித்து, மெதுவாக உள்ளே வைத்து மூடி, இருட்டான அமைதியான இடத்தில் வையுங்கள். அடிக்கடி திறந்து பார்க்காதீர்கள். பிள்ளைகளுக்கு ஆசையாக இருக்கும், இருந்தாலும் காட்டாதீர்கள். தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்கு உதவி எண் 1800-476-1600. அவர்கள் சொல்வதுபோல் செய்யுங்கள். மோதல் அதிர்ச்சி மட்டும்தான் என்றால் சில பறவைகள் தெளிந்து எழுந்துவிடும். அந்த இரண்டு மாதமும் இரவில் பால்கனி விளக்கை அணைத்து, திரையை இழுத்துவிட்டால் பெரிய உதவி.

எத்தனை வகைப் பறவை பார்த்தீர்கள் என்று எழுதவே இல்லையே?
– வாசகர், அங் மோ கியோ

எழுதவில்லை, எழுதுவதில் எனக்கு ஆர்வமும் இல்லை. சிங்கப்பூரில் 400 வகைக்கு மேல் பதிவாகியிருக்கின்றன. அதில் எத்தனைக்கு டிக் அடித்தோம் என்ற போட்டி வந்துவிட்டால் எதன்முன்னும் ஐந்து நிமிடம் நிற்க மனம் வராது.

ஆனால் ஓர் இனத்தில் எத்தனை பறவை இருந்தன என்று எண்ணுவது வேறு. அதை நாங்கள் அக்கறையாகச் செய்கிறோம். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987லிருந்து ஒவ்வொரு ஜனவரியிலும் பல நாடுகளில் நடக்கிறது. எந்த இனம் குறைகிறது, எந்த ஈரநிலம் காலியாகிறது என்பது அப்படி எண்ணியவர்களால்தான் தெரியவந்தது. கூட்டத்தை எண்ணுவதற்கு ஒரு வழி: முதலில் பத்துப் பறவையை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு அதே அளவு இடத்தைக் கூட்டத்தின்மேல் எடுத்து வைத்துக்கொண்டே போங்கள். இரண்டு பேர் தனித்தனியே எண்ணி ஒப்பிட்டுப் பார்த்தால் கை பழகிவிடும். கடல் ஏற்றத்தின்போது பறவைகள் ஒன்றாக நிற்பதால் அதுதான் எண்ணவும் நல்ல நேரம்.

அந்த இடம் முன்பு இறால் பண்ணை என்று என் கணவர் சொல்கிறார். பிறகு எப்படிப் பறவைக்குக் கிடைத்தது? முன்பு இன்னும் அதிகம் வருமாமே?
– வாசகி, உட்லண்ட்ஸ்

அவர் சொல்வது சரி. இறால் குளங்களும் சதுப்புமாக இருந்த இடத்துக்கு 1986ல் மலாயா இயற்கைச் சங்கத்தின் சிங்கப்பூர்க் கிளையைச் சேர்ந்த பறவை ஆர்வலர்கள் போய்ச் சேர்ந்தார்கள். கரைப்பறவைகள் அங்கே இறங்குவதைக் கண்டார்கள். பதிவுகளைத் தொகுத்து, இதைக் காப்பாற்றுங்கள் என்று அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். 1989ல் 87 ஹெக்டர் இயற்கைப் பூங்காவாக ஒதுக்கப்பட்டது. 1993 டிசம்பர் 6ஆம் தேதி அப்போதைய பிரதமர் கோ சோக் டோங் திறந்துவைத்தார். 2002ல் 130 ஹெக்டராக விரிந்து சட்டப்படி காப்பகம் ஆனது, மறு ஆண்டு ஆசியான் மரபுடைமைப் பூங்கா ஆனது. நிலத்துக்கு இவ்வளவு தட்டுப்பாடு உள்ள நாட்டில் சில ஆர்வலர்கள் குறிப்பேட்டோடு போய் நின்று இதைச் செய்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பெருமையாக இருக்கிறது.

எண்ணிக்கை குறைந்தது உண்மைதான். இந்தப் பாதையில் பல கரைப்பறவைகள் குறைந்துவருகின்றன. முக்கியக் காரணம் நம் தீவில் இல்லை. சீனாவுக்கும் கொரியாவுக்கும் நடுவே மஞ்சள் கடல் ஓரத்துச் சேற்றுப் பரப்புதான் பயணத்தின் நடுவில் அவை நிறுத்திச் சாப்பிடும் இடம். அதில் பெரும்பகுதி நிலமீட்புக்குப் போய்விட்டது. தென்கொரியாவில் செமான்கும் என்ற இடத்தில் 33 கிலோமீட்டர் கடல் சுவர் எழுப்பி 2006ல் அடைத்தார்கள். அங்கே வந்துகொண்டிருந்த பெரும் கூட்டங்கள் அதன்பிறகு இல்லை. மிச்சமுள்ள சீனக் கரையோரத்தின் ஒரு பகுதிக்கு 2019லும், கொரியச் சேற்றுப் பரப்புகளுக்கு 2021லும் உலக மரபுடைமை அங்கீகாரம் கிடைத்தது. அது தாமதமாக வந்த நல்ல செய்தி. சுங்கை பூலோவை நாம் எவ்வளவு நன்றாக வைத்துக்கொண்டாலும், நடுவழியில் சாப்பாடு இல்லாவிட்டால் பறவை இங்கே வந்து சேராது.

எனக்கு 78 வயது. முழங்கால் வலி. அவ்வளவு தூரம் நடக்க முடியாது. வீட்டருகே எதையாவது பார்க்க முடியுமா?
– பாட்டி, பிடோக்

முடியும் பாட்டி. மாலை ஐந்தரைக்குக் கீழே இறங்கி, திடல் பக்கம் பார்த்தமாதிரி ஒரு பெஞ்சில் உட்காருங்கள். வேலிக் கம்பியிலோ சின்ன மரத்தின் நுனியிலோ கண்ணில் கறுப்புப் பட்டை போட்ட பழுப்புக் கீச்சான் ஒன்று உட்கார்ந்திருக்கலாம். அதுவும் வடக்கிலிருந்து வந்ததுதான். தரையில் பூச்சி அசைந்தால் இறங்கிப் பிடித்துவிட்டுப் பெரும்பாலும் அதே இடத்துக்குத் திரும்பும். அதனால் உங்களுக்கு எழுந்து நடக்கும் வேலையே இல்லை. தலைக்கு மேலே தகைவிலான்கள் சுற்றும். நீலவால் பஞ்சுருட்டான் மரத்து உச்சியிலிருந்து பாய்ந்து தேனீயைப் பிடித்துவந்து, கொடுக்குப் போகும்வரை கிளையில் தேய்க்கும். பேரப்பிள்ளை காரில் அழைத்துப்போக முடிந்தால் பிடாடரிப் பூங்காவில் உட்கார இடமுண்டு. ஈப்பிடிப்பான்கள் அங்கே அக்டோபரில் வரும்.

எனக்கு 9 வயது. போன வருஷம் வந்த அதே பவளக்காலி இந்த வருஷமும் அதே குளத்துக்கு வருமா?
– மாணவி, தோ பாயோ

பெரும்பாலும் வரும் கண்ணு. கரைப்பறவைகளில் பலவும் ஆண்டுதோறும் பழகிய இடத்துக்கே திரும்பி வரும். காலில் மாட்டிய வளையமும் வண்ணப் பட்டையும் வைத்துத்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். நீ வரும்போது குடிலில் உட்கார்ந்து பறவைகளின் கால்களை மட்டும் பார்த்துக்கொண்டே வா. பட்டை தெரிந்தால் சத்தம் போடாதே. என்ன நிறம், மேலே எது கீழே எது, எழுத்து ஏதாவது இருக்கிறதா, வலது காலா இடது காலா என்று நோட்டில் எழுது. பறவைக்கு வலது எதுவோ அதுதான் வலது. தேதியையும் குளத்தையும் சேர்த்து எழுதி என்னிடம் கொடு. நாம் இருவரும் சேர்ந்து தேசியப் பூங்காக் கழகத்துக்கு அனுப்பலாம். பட்டை போட்டவர்கள் யார், எங்கே போட்டார்கள் என்று பதில் வந்தால் இதே பக்கத்தில் உன் கேள்விக்குக் கீழே போடுகிறேன்.